எண்ணிக் கேட்ட இசை

இசைக்கு மொழி இல்லை என்று மேடைதோறும் கூறக் கேட்கிறோம். வாழ்த்துரைக்கு ஏற்ற தொடர்; கைத்தட்டலும் தவறாமல் கிடைக்கும். ஆயினும் யாம் அதனை ஒப்புவதில்லை. இசைக்கு மொழி உண்டு. அம்மொழிக்கு எழுத்தும் அசையும் சீரும் உண்டு; பிழையும் உண்டு. பயிலாத செவிக்கு அஃது ஓசையாகவே நின்றுவிடும். பயின்றவன் செவிக்குத்தான் அது பேசும். இவ்வுண்மையை எமக்குக் கற்பித்தவை தமிழிசை மேடைகள் அல்ல. புரோகிரசிவ் ராக் என்றும் ஜாஸ் ஃபியூஷன் என்றும் பெயர் பெற்ற மேலைநாட்டு மின்னிசை வகைகளே கற்பித்தன.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் இருப்பர். வினா நியாயமானதே. சிலப்பதிகாரம் வழியாக விடை வரும். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

யாம் நால்வர். எழுபதுகளின் இறுதியில் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் விடுதியில் ஒன்றாகத் தங்கியிருந்தோம். எம்முள் மூத்தவர் கடற்கரையூரைச் சேர்ந்தவர். விடுதி முழுமையும் அவரைக் 'காக்கா' என்றே அழைத்தது. இன்னொருவர் இயற்பியல் மாணவர். சிறுவயதில் எட்டாண்டுகள் மிருதங்கம் பயின்றவர். மூன்றாமவர் ஆங்கில இலக்கியம் படித்தார். இசைத்தட்டுகளின் உறையில் அச்சிட்ட பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்வது அவருக்கு வழிபாடு போன்றது. இதனை எழுதும் யாம் தமிழ் மாணவர், பின்னர் தமிழாசிரியர்.

காக்காவின் தாய்மாமா சிங்கப்பூரில் வணிகம் செய்தவர். சபுராளிகள் ஊர் திரும்பும்போது சென்ட்டும் சட்டைத்துணியும் கொண்டுவருவது வழக்கம். அவரோ ஒருமுறை இரட்டை ஒலிபெருக்கி உடைய டேப்ரெக்கார்டர் ஒன்றையும், கடைக்காரர் தம் விருப்பப்படி பதிந்து கொடுத்த பதினான்கு கேசட்டுகளையும் கொண்டுவந்து மருமகனிடம் கொடுத்தார். அவற்றுள் பாதிக்குமேல் மாமாவுக்கே பிடிக்காதவை. பிடிக்காதவையே எமக்கு வாய்த்தன. மேலட்டையில் பென்சிலால் எழுதிய பெயர்கள் பல அழிந்திருந்தன. ஆகவே இன்னார் இசை என்று அறியாமலே பல மாதங்கள் கேட்டோம். இன்று நினைத்தால் அதுவே நற்பேறு. பெயர் அறிந்து கேட்பவன் பெயரைக் கேட்கிறான். அறியாதவன் ஒலியையே கேட்கிறான்.

கேசட்டுகளோடு சிற்றலை வானொலியும் உதவிற்று. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா நிலையத்தில் வில்லிஸ் கானவர் 1955 முதல் தாம் மறைந்த 1996 வரை ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர்க்கும் விளங்குமாறு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசும் குரல் அது. அலை வந்து வந்து போகும். டிரம்பெட் ஓசை கடலுக்குள் மூழ்கி எழுவது போலிருக்கும். பல ஆண்டுகள் கழித்து அதே பாடல்களைத் தெளிவான ஒலியில் கேட்டபோது ஏதோ குறைந்ததாகவே தோன்றிற்று. அந்த இரைச்சலும் எமக்கு இசையின் பகுதியாகிவிட்டிருந்தது போலும்.

அறியாதார்க்குச் சுருங்கச் சொல்லலாம். அறுபதுகளின் இறுதியில் இங்கிலாந்து இளைஞர் சிலருக்கு மூன்று நிமிடத்தில் முடியும் காதற்பாட்டு போதவில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுமையும் ஒரே உருப்படியாக அமைக்கத் துணிந்தனர். 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தட்டு வந்தது. 1972இல் யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' ஒரு பக்கத்தை நிறைத்தது. ஜெனசிஸ் குழு அதே ஆண்டில் இருபது நிமிடங்களைக் கடந்த 'சப்பர்ஸ் ரெடி'யைத் தந்தது. அமெரிக்காவிலோ ஜாஸ் கலைஞர்கள் மின்கருவிகளைக் கையில் எடுத்தனர். மைல்ஸ் டேவிஸ் 1969 பிப்ரவரியில் பதிந்த 'இன் எ சைலண்ட் வே' அதற்கு வாயில் திறந்தது. அந்தப் பதிவில் வாசித்தவர்கள் பின்னர்த் தனித்தனிக் குழுக்களுக்குத் தலைவராயினர். ஜோ சாவினுலும் வேய்ன் ஷார்ட்டரும் வெதர் ரிப்போர்ட் கண்டனர். சிக் கொரியா ரிட்டர்ன் டு ஃபாரெவர் கண்டார். ஜான் மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா கண்டார்.

யாம் கேட்கத் தொடங்கியபோது இவ்வலை பெரிதும் ஓய்ந்திருந்தது. கலைந்துபோன குழுக்களுக்கு விசிறிகளாயிருந்தோம். புதிய தட்டு எப்போது வரும் என்னும் ஏக்கம் எமக்கு இல்லை. இருப்பதைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே வழி. நாடா தேய்ந்து சுருங்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றி நேராக்குவோம். அறுந்தால் நகப்பூச்சு இட்டு ஒட்டுவோம். ஒட்டிய இடத்தில் அரை மாத்திரை விடுபடும். மிருதங்க நண்பருக்கு அது பொறுக்காது. அவ்விடம் வருமுன்பே முகத்தைச் சுளித்துக்கொள்வார்.

முதலில் எம்மை ஈர்த்தது மெல்லோட்ரான் என்னும் கருவியின் ஓசை. கிங் கிரிம்சனின் முதல் தட்டில் அதனை இயன் மெக்டொனால்ட் வாசித்தார். நூறு வயலின்கள் மூடுபனிக்குள் நின்று அழுவது போன்ற ஓசை அது. மின்னால் உண்டாக்கிய ஒலி என்றே எண்ணியிருந்தோம். அக்கருவியின் இயல்பை ஆங்கில இலக்கிய நண்பர் ஒரு நூலில் படித்து வந்து கூறியபோது வியந்தோம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் அறுபதுகளின் தொடக்கத்தில் உருவான கருவி அது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே காந்த நாடாத் துண்டு ஒன்று இருக்கும். அதில் உண்மையான வயலினோ புல்லாங்குழலோ பாடகர் குரலோ பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். விட்டால் சுருள்வில் இழுக்கப் பழைய இடத்துக்கு மீளும். நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு நொடிக்கே போதும். எட்டாம் நொடியில் எத்துணை உருக்கமான சுரமாயினும் அறுந்துவிடும்.

ஆதலின் வாசிப்பவர் எட்டு நொடிக்குள் விரலை மாற்றியே ஆக வேண்டும். அவ்விசை மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நகர்வதற்கு இதுவே காரணம். கருவியின் குறையே பாணியாயிற்று. வெண்பாவின் ஈற்றடி முச்சீராய்க் குறுகுவதைக் குறை என்று யாரேனும் கூறுவரோ?

மூக் கருவியும் இப்படித்தான். ராபர்ட் மூக் உருவாக்கிய மின்னிசைக் கருவியின் சிறு வடிவமான மினிமூக் 1970இல் வந்தது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே அதில் ஒலிக்கும். வெப்பம் கூடினால் சுருதி நழுவும். பியானோ பயின்றோர்க்கு இது பெருங்குறை. எமக்கோ நாகசுரம் கேட்டு வளர்ந்த செவி. ஒரு சுரம் போதும், அது வளைந்தால் சரி. மகாவிஷ்ணு குழுவில் மினிமூக் வாசித்த யான் ஹாமர், கருவியின் இடப்புறம் உள்ள சிறு சக்கரத்தை உருட்டிச் சுரங்களை வளைப்பார். அதனை முதன்முதல் கேட்ட நாளில் மிருதங்க நண்பர், "இது கமகம் அல்லவா?" என்று எழுந்து நின்றுவிட்டார். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்தவர் தம் முயற்சியால் அவ்விடத்தை அடைந்திருக்கிறார். வெதர் ரிப்போர்ட்டின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வேறு வழியில் அடைந்தார். தம் கருவியின் மெட்டுக்களைப் பிடுங்கியெறிந்து, குழிகளை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்சியைப் பலகையில் பூசிக்கொண்டார். அதன்பின் அவர் விரல், கோட்டுவாத்தியத்தில் கோடு நழுவுவது போல நழுவிற்று. 1977இல் வந்த 'ஹெவி வெதர்' தட்டில் அதனைக் கேட்கலாம்.

இவ்விசையெல்லாம் குறையற்றது என்று கூற யாம் முன்வரவில்லை. ஆடம்பரம் மிகுதி. யெஸ் குழு 1973இல் நான்கே உருப்படிகளை இரண்டு தட்டுகளின் நான்கு பக்கங்களில் நிறைத்தது; மூன்றாம் பக்கம் முடியும் வரை எம்மில் ஒருவரும் விழித்திருந்ததில்லை. கீத் எமர்சன் மேடையில் ஆர்கன் கருவியில் கத்தியைச் செருகுவார் என்று படித்தபோது, இசைக்கு அது எதற்கு என்றே தோன்றிற்று. 1976ஐ ஒட்டிப் பங்க் இசையினர் வந்து, மூன்று சுரக்கூட்டு போதும் என்று முழங்கி இவர்களை எள்ளியதில் நியாயம் சிறிது உண்டு. ஆனால் எள்ளியோர் எண்ணக் கற்கவில்லை. எமக்கு அதுதான் வருத்தம்.

எண்ணுதல் என்றோம். அதுவே யாம் இவ்விசைக்குள் நுழைந்த வாயில். பிங்க் ஃபிளாயிட் குழுவின் 1973ஆம் ஆண்டுத் தட்டான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' எமக்குக் கிடைத்த கேசட்டுகளுள் ஒன்று. அதில் 'மணி' என்னும் பாட்டு நாணயங்கள் சிந்தும் ஓசையோடும் கல்லாப்பெட்டியின் ஓசையோடும் தொடங்கும். நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி அவ்வோசைகளையே தாளமாக்கியிருந்தனர். கேட்டதும் தலையாட்டத் தொடங்கினோம். ஆட்டம் தாளத்தோடு சேரவில்லை. மிருதங்க நண்பர் தொடையில் தட்டி, "ஏழு. தகிட தகதிமி" என்றார். மிசிரசாபு! மேலைநாட்டு இளைஞர்க்குப் புதுமையாயிருந்த அந்த ஏழு, எம் ஊர்க் கச்சேரிகளில் நாள்தோறும் நடப்பது. பாட்டின் நடுவில் கிட்டார் தனித்து ஒலிக்கும்போது தாளம் நான்குக்கு மாறிப் பின்னர் ஏழுக்கு மீள்வதையும் அவரே விரலால் காட்டினார். அன்றிரவு எம் நால்வர் தொடையும் சிவந்தது.

பின்னர் எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கினோம். டேவ் பிரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஐந்து. அதே தட்டில் உள்ள 'புளூ ரோண்டோ' ஒன்பது; இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று நடக்கும். 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் கீழைநாடுகளில் பயணம் செய்தபோது இஸ்தான்புல் தெருவில் வாசித்தோரிடம் கேட்ட தாளம் அது என்று பிரூபெக்கே கூறியிருக்கிறார். அதே பயணத்தில் அவர் சென்னைக்கும் வந்தார். தமிழ் மாணவராகிய எமக்கும் இதில் சிறு பங்கு இருந்தது. காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் திருப்புகழை வகுப்பில் சந்தம் பிரித்துப் படித்திருந்தோம். தன தத்தன என்று நீண்டும் குறுகியும் செல்லும் சந்தக் குழிப்பு பழகிய நாவுக்கு, ஒற்றைப்படை எண்ணில் நடக்கும் இசை அயலாகத் தோன்றவில்லை.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் நடுப்பகுதி.

மெக்லாக்லின் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1942இல் பிறந்தவர். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் அணியில் பனாமாவில் பிறந்த பில்லி காப்ஹாம் டிரம், செக் நாட்டு ஹாமர் கட்டைக் கருவிகள், அமெரிக்கரான ஜெர்ரி குட்மன் வயலின், அயர்லாந்தின் ரிக் லெயர்ட் பாஸ். இரட்டைக் கழுத்துடைய மின்கிட்டாரோடு மெக்லாக்லின் நடுவில் நிற்பார். 1971இல் 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்', 1973இல் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'. கேட்டோர் திகைத்தனர். வயலினும் கிட்டாரும் மூக்கும் ஒன்றையொன்று துரத்தி, ஒருவர் கூறியதை மற்றவர் குறுக்கி, அதனை மூன்றாமவர் மேலும் குறுக்கி, முடிவில் மூவரும் ஒரே இடத்தில் வந்து விழுவர். 1973ஆம் ஆண்டின் முடிவில் அந்த அணி கலைந்தது.

புகழின் உச்சியில் நின்றவர் அடுத்து என்ன செய்தார்? மின்கிட்டாரை வைத்துவிட்டு, மரக் கிட்டாரோடு தரையில் அமர்ந்தார். உடன் அமர்ந்தவர்கள் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் இராமநாதபுரம் இராகவன். குழுவின் பெயர் சக்தி. 1975 சூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியைப் பதிந்து 1976இல் தட்டாக வெளியிட்டனர். இரு பக்கங்களில் மூன்றே உருப்படிகள். இடிமுழக்கம் எதிர்பார்த்த விசிறிகள் பலர் ஏமாந்தனர். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' என்று மேலும் இரு தட்டுகள் தந்தபின் குழு ஓய்ந்தது.

அந்த முதல் தட்டின் கேசட்டை எம் விடுதி அறையில் ஒருநாள் மாலை கேட்டுக்கொண்டிருந்தோம். கதவருகே எம் தமிழ்ப் பேராசிரியர் நின்றிருந்தார். சீறாப்புராணம் நடத்தினால் வகுப்பே கசிந்துருகும், கண்டிப்பும் மிகுதி. அஞ்சி ஒலியைக் குறைத்தோம். அவரோ, "நிறுத்த வேண்டா, முதலிலிருந்து வையுங்கள்" என்று கூறி நாற்காலியில் அமர்ந்தார். பதினெட்டு நிமிடம் கண்மூடிக் கேட்டார். தபலாவும் கடமும் எதிரெதிரே பேசிய இடத்தில் விரல்கள் மட்டும் அசைந்தன. முடிந்ததும், நல்லது என்றோ தீது என்றோ கூறவில்லை. "இவர்களுள் மற்றவர் மொழியை முதலில் கற்றவர் யார்?" என்று ஒரே வினா வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. "தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள்" என்று கூறிப் போய்விட்டார்.

விடையைத் தேட எமக்கு ஆறாண்டுகள் ஆயின. அக்காலத்தில் இத்தகைய செய்திகள் எம்மூர்க்கு வந்து சேர்வது எளிதன்று. ஆங்கில இலக்கிய நண்பர் சென்னையில் பணியேற்றபின் பழைய இசை இதழ்களைப் புரட்டிக் கண்டறிந்தார். மகாவிஷ்ணு குழு உலகெங்கும் முழங்கிய அந்நாளிலேயே, மெக்லாக்லின் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றிருக்கிறார். கற்பித்த ஆசிரியர் டாக்டர் எஸ். இராமநாதன். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற தமிழர்! அவ்வாய்வு பின்னர் ஆங்கிலத்தில் நூலாகவும் வந்தது. எல். சங்கரும் அங்கேயே பயின்றவர். மிருதங்க இராகவனும் அங்கே ஆசிரியர்.

இச்செய்தியோடு பேராசிரியர் இல்லம் சென்றோம். ஓய்வு பெற்றிருந்தார். யாம் கூறி முடிப்பதற்குள் எழுந்து சென்று, அலமாரியிலிருந்து இராமநாதன் நூலையே எடுத்து வந்து எம்முன் வைத்தார். அரங்கேற்று காதை நடத்தும்போதெல்லாம் அவர் துணைக்கொண்ட நூல் அது. குழலை யாழும் யாழைத் தண்ணுமையும் பின்பற்றும் முறையை எமக்கு விளக்கிய நாள்களில், அந்நூலின் ஆசிரியரிடம் வீணை கற்ற வெள்ளையர் ஒருவரின் கிட்டார் எம் அறையில் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை அவரும் அறியார், யாமும் அறியோம். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

கற்றவன் கருவியையும் மாற்றுவான். கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆபிரகாம் வெக்டர் மெக்லாக்லினுக்காக ஒரு கிட்டார் சமைத்தார். மேல்தந்திகளின் கீழே குறுக்காக ஏழு துணைத் தந்திகள். மேலே தொட்டால் அவை தாமே அதிரும். மெட்டுக்களின் இடையே மரத்தைக் குழித்திருந்தனர். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் காட்டுவது போல, குழிந்த பலகையில் தந்தியை அழுத்தி வளைக்கலாம். மெட்டுக்களைப் பிடுங்கிய ஜாக்கோவும் மரத்தைக் குழித்த மெக்லாக்லினும் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே ஆற்றங்கரைக்கு வந்தவர்கள்.

மற்றவர்களும் தத்தம் ஊரை விட்டு வந்தவர்களே. எல். சங்கரின் தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. சங்கர் பின்னாளில் ஃபிராங்க் சப்பாவோடு பணியாற்றினார். ஜெனசிஸ் குழுவிலிருந்து 1975இல் விலகிய பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' என்னும் 1989ஆம் ஆண்டுத் தட்டிலும் அவர் வயலின் ஒலிக்கும். விக்கு விநாயக்ராம் 1966இல் ஐ.நா. அவையில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிக்குக் கடம் வாசித்தவர். மானாமதுரைக் களிமண்ணில் வனைந்த பானை எல்லா ஊர்க்காரர்க்கும் தெரியும். அதனைத் தனித்து நின்று பேசும் கருவியாக ராக் இசை கேட்டோர் கண்டது சக்தி மேடையில்தான். தபலாவும் கடமும் ஒரே மேடையில் அமர்வதே அக்காலத்தில் அரிது. வடக்கும் தெற்கும் சந்திக்க அமெரிக்கக் கல்லூரி ஒன்று இடம் கொடுத்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கலப்பு என்றால் முகம் சுளிப்போர் தமிழ்த்துறையில் உண்டு. மணிப்பிரவாளத்தின் நினைவு அவர்களை விட்டு நீங்குவதில்லை. எம் நால்வருள்ளும் இது பற்றிப் பூசல் உண்டு. ஃபியூஷன் என்ற பெயரில் இன்று மேடையேறுவனவற்றுட் பெரும்பகுதியைக் காக்கா, "பாலில் ஊற்றிய தண்ணீர்" என்பார். சிந்தசைசர் ஒன்றை ஓடவிட்டு அதன்மேல் மிருதங்கத்தைத் தூவுவது கூட்டிசை ஆகாது. அதில் யாமும் அவர் பக்கமே. ஆனால் 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டபோது அவ்வசையைத் திரும்பப் பெறுமாறு காக்காவை வற்புறுத்தினோம். பாக்கின் இலக்கணத்தையும் தியாகராசரின் இலக்கணத்தையும் இரண்டையும் கற்றவர் சேர்த்த கூட்டு அது. காக்கா இரண்டு நாள் கேட்டுவிட்டு, "இது தண்ணீர் இல்லை, தயிர்" என்றார். உறை ஊற்றிக் காத்திருந்தால் பால் தானே மாறும் என்பது அவர் கருத்து. எமக்கும் அதனினும் மேலான விளக்கம் கிடைத்ததில்லை.

1997இல் சக்தி, 'ரிமெம்பர் சக்தி' என்னும் பெயரில் மீண்டும் மேடையேறியது. மாண்டலின் யு. சீனிவாஸ் சேர்ந்தார், கடத்தின் இடத்தில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். மெக்லாக்லின் அவரோடு சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் ஒளிப்பதிவு ஒன்றையும் வெளியிட்டார். அதில் அவர் சொல்லும் 'தகதிமி தகஜொணு'வில் ஆங்கில வாடை சற்று வீசும், கணக்கு பிசகாது. 2023இல் வந்த 'திஸ் மொமெண்ட்' தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது.

அதே காலத்தில் எம் தொலைபேசி உரையாடல்கள் இரங்கல் செய்திகளாகவே மாறிவிட்டன. ஜாக்கோ 1987இலேயே, முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். சீனிவாஸ் 2014இல், நாற்பத்தைந்து வயதில். 2016இல் கீத் எமர்சன். 2021இல் சிக் கொரியாவும் ரிக் லெயர்ட்டும். 2022இல் மெல்லோட்ரான் வாசித்த இயன் மெக்டொனால்ட். 2023இல் வேய்ன் ஷார்ட்டர். 2024 டிசம்பர் 15ஆம் நாள் ஜாகிர் உசேன். அன்று யாரும் யாரையும் அழைக்கவில்லை. மறுநாள் காக்காதான் அழைத்து, "தம்பி, எல்லாரும் ஒருதரம் ஊருக்கு வந்துட்டுப் போங்கப்பா" என்றார்.

சனவரியில் அவர் இல்லத்தில் கூடினோம். மிருதங்க நண்பர் தம் மகனோடு வந்தார். அவருக்குச் செவிப்புலன் குறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. முதுமையில் செவி உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் இழக்கும். அவருக்கு முதலில் சிம்பல் போயிற்று. பின்னர் வயலினின் மேல்தந்தி. பின்னர் மகளிர், குழந்தைகள் குரல். செவித்துணைக் கருவி பேச்சுக்கு உதவுகிறது. இசையைத் தகரமாக்கிவிடுகிறது என்றார். "தொப்பி கேட்கிறது, வலந்தலை கேட்கவில்லை" என்று சிரித்துக்கொண்டே கூறினார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

1975ஆம் ஆண்டுப் பதிவை வைத்தோம். பழைய கேசட் அன்று. காக்காவின் பேரன் கைப்பேசியில் நொடியில் கண்டெடுத்து ஒலிபெருக்கியில் இணைத்தான். நண்பர் செவித்துணையைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டார். எழுந்து சென்று ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் இடக்கையை வைத்துக்கொண்டார். வலக்கையால் தொடையில் தாளம் போட்டார். பதினெட்டு நிமிடம். ஓரிடத்திலும் பிசகவில்லை. நாடா அறுந்து யாம் நகப்பூச்சால் ஒட்டிய இடம் வந்தபோது, அந்த விடுபாடு இல்லாத தெளிவான பதிவிலும், அவர் முகம் ஒரு கணம் சுளித்தது.

இவ்வோசைகள் எப்படியிருந்தன என்று எழுதிவைக்குமாறு அவர்தாம் எம்மைக் கேட்டுக்கொண்டார். இளைஞர்க்குப் பதிவுகள் எல்லாம் கைப்பேசியில் உள்ளனவே என்றோம். "பதிவு அவர்களுக்கு, எழுத்து எனக்கு. இன்னும் சில நாளில் நான் படித்துத்தானே கேட்க வேண்டும்?" என்றார். மெல்லோட்ரானைப் பற்றிச் சற்று விரிவாக எழுதியதன் காரணம் இதுவே. அது அவருக்கு மிகவும் பிடித்த ஓசை.

புறப்படுமுன் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பற்றிப் பழைய வழக்கு எழுந்தது. அதன் சுழற்சி பதினெட்டு என்பதில் நால்வர்க்கும் ஐயமில்லை. அதனை ஒன்பதும் ஒன்பதுமாகப் பிரிப்பதா, பத்தும் எட்டுமாகப் பிரிப்பதா என்பதே வழக்கு. விடுதியில் தொடங்கியது, இன்னும் தீரவில்லை. காக்கா ஒன்பது என்றார். மிருதங்க நண்பர் மறுத்து, காக்காவின் கையைப் பிடித்துத் தம் தொடைமேல் வைத்து, பத்து வரை தட்டிக் காட்டத் தொடங்கினார். அவர் மகன் வண்டி வந்து வாசலில் நெடுநேரமாகக் காத்திருப்பதாகக் கூறினார். அவருக்கு அது கேட்கவில்லை.